இரையாத பேஸ்

பேஸ் கிற்றாரின் நாலு கம்பிகளில் ஆக மெல்லியது ஜி. எந்த இடத்திலும் அழுத்தாமல் அதைச் சுண்டினால் செக்கனுக்கு 98 தரம் அதிரும். எங்கள் வீட்டுக் கரண்ட் செக்கனுக்கு 50 சுழற்சி. அம்புக்குள், அதாவது சத்தத்தைப் பெருக்கும் அம்பிளிஃபயருக்குள், டயோட்டைக் கடந்து நேர்மின்னாகும்போது அதன் அலைவு 100 ஆகிவிடும். 98, 100 இரண்டும் ஒன்றோடொன்று மோதும் எண்கள். வயர் ஒழுங்காகப் பிடிக்காத ஒரு பேஸை அம்பில் கொழுவி ஜி கம்பியைத் தட்டினால், செக்கனுக்கு இரண்டு தரம் எழும்பி எழும்பித் தணியும் ஒரு சத்தம் அடியில் ஓடும். வாசிக்கிறவர் சுருதி சேரவில்லை என்று நினைத்துக் கீயைத் திருப்பிக்கொண்டே இருப்பார். கம்பி சரியாகத்தான் நிற்கிறது. பிழை கரண்டில் இருந்து உள்ளே வருகிறது.

அமெரிக்காவில் கரண்ட் 60 சுழற்சி. அங்கே இந்த இரைச்சல் பி ஃபிளாற்றுக்கும் பி-க்கும் இடையில் எங்கோ விழும். எங்களுக்கு விழுந்த இடம் ஜி. கிற்றார்க்காரர்கள் பாட்டுப் பிடிக்க அதிகம் விரும்பும் இடமும் அதுதான். வடிகட்டி எடுத்துவிடலாமே என்று படித்த பிள்ளைகள் கேட்பதுண்டு. 50 ஐ வெட்டினால் தடித்த ஈ கம்பியின் மூன்றாம் ஃபிரெட்டில் (விரல் அழுத்தும் பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கட்டு) வரும் 49 உம் சேர்ந்து போய்விடும். பாட்டின் அடித்தளத்தையே பிடுங்கின மாதிரி ஆகிவிடும். ஆகவே இரைச்சலை உள்ளே விட்டபிறகு துரத்த வழியில்லை. உள்ளே வராமல் கட்டவேண்டும்.

"இரையுது அண்ணை" என்று சொல்லிக்கொண்டுதான் பெரும்பாலானவர்கள் என்னுடைய பட்டறைக்கு வருகிறார்கள். தேவாலயப் பாடகர் குழுக்களில் வாசிக்கிற பிள்ளைகள், கோயில் திருவிழா இரவுகளில் மேடையேறும் இசைக்குழுக்காரர், கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள். சிலர் கொழும்பில் வாங்கிய மலிவு பேஸைக் கொண்டுவருவார்கள், சிலர் வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் விட்டுப்போனதை. இரைச்சலை நிறுத்திக்கொடுத்தால் கொஞ்ச நாளில் திரும்பி வந்து, "எனக்கெண்டு ஒண்டு செய்து தருவியளோ?" என்று கேட்பார்கள். அப்படித்தான் இந்த வேலை வளர்ந்தது. ஒரு பேஸை யாரும் தொடாதபோது அது வாய்மூடி இருக்கவேண்டும். மரமும் வடிவமும் மினுக்கமும் அதற்குப் பிறகுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

பட்டறை பரந்தனுக்கும் கிளிநொச்சிக்கும் இடையில், ஏ9 வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு ஒழுங்கையில் இருக்கிறது. தகரக் கொட்டகை, ஒரு தச்சு மேசை, சோல்டர் பிடிக்க ஒரு சின்ன மேசை. சின்ன மேசை மாமாவுடையது. அவர் றேடியோ திருத்துகிறவர். தொண்ணூறுகளில் வன்னியில் கரண்ட் இல்லை, பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்னை நாலு டயோட்டால் நேராக்கி றேடியோவுக்குக் கொடுப்பார். பிபிசி தமிழோசை தொடங்கும் நேரத்துக்கு முற்றத்தில் ஊர்ச்சனம் வந்து குந்தியிருக்கும். பெடல் சுற்றுவது பிள்ளைகளின் வேலை. வேகம் குறைந்தால் செய்தி கம்மும்.

டைனமோவுக்குள் ஒரு காந்தம் சுற்றுகிறது, சுற்றியுள்ள கம்பிச் சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831 இல் மைக்கல் பரடே கண்டுபிடித்த விதி. பேஸின் பிக்கப்பும் அதே விதியில்தான் வேலை செய்கிறது. அங்கே காந்தம் அசையாமல் நிற்கும், அதற்கு மேலே உருக்குக் கம்பி அதிர்ந்து காந்தப்புலத்தை ஆட்டும், சுருளில் சிறு மின்னழுத்தம் எழும்பும். பிக்கப்பை முதன்முதலாகப் பிரித்துப் பார்த்தபோது எனக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. பெடல் சுற்றிய கைக்கு அது தெரியும். பேஸ் கிற்றாரை இன்றைய வடிவில் நிலைநிறுத்திய லியோ ஃபென்டரும் றேடியோ திருத்துகிறவராகத் தொடங்கியவர்தான். 1938 இல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் திருத்தகம் திறந்தார். கிற்றார் வாசிக்கத் தெரியாது. ஆனால் வாசிக்கிறவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டார். 1951 இல் அவருடைய பிரிசிஷன் பேஸ் வந்தது, 1960 இல் ஜாஸ் பேஸ் வந்தது. உலகத்தில் இன்று செய்யப்படும் பேஸ்களில் பெரும்பகுதி இந்த இரண்டில் ஒன்றின் பிள்ளை.

1951 பிரிசிஷனில் ஒற்றைச் சுருள் பிக்கப் இருந்தது. ஒற்றைச் சுருள் கம்பியின் அதிர்வையும் பிடிக்கும், சுவருக்குள் ஓடும் கரண்டின் காந்தப்புலத்தையும் பிடிக்கும். அதற்கு இரண்டும் ஒன்றே. 1957 இல் அந்தப் பிக்கப்பை இரண்டாகப் பிளந்தார்கள். ஈ, ஏ கம்பிகளுக்கு ஒரு சுருள், டீ, ஜி கம்பிகளுக்கு இன்னொன்று. இரண்டாவதில் காந்தம் தலைகீழ், மின்சாரம் ஓடும் திசையும் தலைகீழ். வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒரு சுருளில் மேலெழும்போது மற்றதில் கீழிறங்கும், கூட்டினால் ஒன்றையொன்று தின்றுவிடும். கம்பியின் சத்தம் மட்டும், காந்தமும் திசையும் இரண்டுமே மாறியிருப்பதால், அழியாமல் மிஞ்சும். ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்பும் ஒன்றுக்கொன்று மாறாகச் சுற்றப்பட்டவை. ஆனால் இரண்டு வொலியூமும் ஒரே அளவில் நிற்கும்போதுதான் இரைச்சல் அழியும். ஒன்றைக் கொஞ்சம் குறைத்தால் இரைச்சல் தலைநீட்டும். மேடையில் யார் அளவு பார்த்துத் திருப்புவார்கள்? வன்னியில் வாசிக்கப்போகும் பேஸுக்குப் பிளந்த சுருள்தான் சரி. ஜாஸ் பேஸின் குரல் எனக்குப் பிடிக்கும், கேட்டால் செய்தும் கொடுப்பேன். என்னிடம் விட்டால் பிளந்த சுருள்தான் போடுவேன்.

சுருளை நானே சுற்றுகிறேன். 42 ஆம் கேஜ் எனாமல் செப்புக் கம்பி, 0.063 மில்லிமீற்றர் பருமன். பழைய தையல் மெஷின் மோட்டர் ஒன்று பொபினைச் சுற்றும். எண்ணுவதற்கு ஒரு மலிவுக் கல்குலேற்றர் போதும். ஒன்றுடன் ஒன்றைக் கூட்டும்படி அமுக்கிவிட்டு, சமன் பொத்தானின் இரண்டு முனைகளையும் வெளியே எடுத்து ஒரு ரீட் சுவிட்சில் பிடித்திருக்கிறேன். சுழலும் தண்டில் ஒட்டிய சிறு காந்தம் ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தச் சுவிட்சை மூடித் திறக்கும், கல்குலேற்றர் ஒன்று கூட்டும். ஒரு சுருளுக்குப் பத்தாயிரம் சுற்றுக்குக் கிட்ட. கம்பியை விரலுக்கிடையில் தளர்வாக விட்டு வழிகாட்டவேண்டும். இறுக்கினால் அறும், மிகத் தளர்ந்தால் சுருள் ஊதிப் பொபினுக்கு வெளியே தள்ளும். சுற்றும்போது மின்விசிறி போடுவதில்லை, யாரோடும் கதைப்பதில்லை. பிறகு உருக்கிய மெழுகில் சுருளை ஊறவைப்பேன். உள்ளே காற்றிடைவெளி இருந்தால் பெரிய சத்தத்தில் சுருளே அதிர்ந்து கீச்சிடும். கடைசியில் இரண்டு சுருளையும் தொடராக இணைத்து மீற்றரை வைத்தால் 10, 11 கிலோ ஓம் காட்டவேண்டும். அதைவிட மிகக் குறைத்துக் காட்டினால் எங்கோ எனாமல் உரிந்திருக்கிறது, எல்லையற்று ஓடினால் கம்பி அறுந்திருக்கிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: வெட்டி எறிந்துவிட்டுத் திரும்பச் சுற்றுவது.

மரம் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். முதிரையில் செய்தால் சத்தம் நல்லாயிருக்குமோ, கருங்காலியில் செய்தால் எப்படி என்று. உட்கூடு இல்லாத திண்ம உடலுள்ள மின் பேஸில் குரலைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பிக்கப்பும், அது கம்பியின் எந்த இடத்துக்குக் கீழே இருக்கிறதென்பதும், கம்பியும், வாசிக்கிறவரின் விரலும். மரத்திடம் நான் கேட்பது வேறு: தோளுக்குப் பாரமில்லாத உடல், வளையாத நெக் என்கிற கழுத்து, அதன் முகத்தில் விரல் அழுத்தும் தேயாத ஃபிங்கர்போட்.

முதிரை எங்கள் காட்டின் பெருமை. மஞ்சள் மினுக்கமும் அலையோடும் நாரும் கண்ணைப் பறிக்கும். ஆனால் ஒரு கன மீற்றர் 900 கிலோவைத் தாண்டும். பேஸின் உடல் 44 மில்லிமீற்றர் தடிப்பு. முழு உடலையும் முதிரையில் வெட்டினால் உடல் மட்டுமே ஏறக்குறைய 4 கிலோ வரும். நெக்கும் கீயும், உடலில் கம்பிகளைத் தாங்கும் பிறிட்ஜும் சேர்ந்தால் 6 கிலோ. திருவிழா இரவில் நாலு மணித்தியாலம் அதைத் தோளில் சுமந்து நிற்கச் சொல்வது கொடுமை. பாலை இன்னும் மோசம், தண்ணீரில் போட்டால் தாழும். உடலுக்கு மலைவேம்பு எடுக்கிறேன், தெற்கில் லுணுமிதெல்ல என்று சொல்வது. மிக இலேசு, ஆனால் மென்மை. நகம் பட்டாலும் தழும்பு விழும். அதனால் மேலே 5 மில்லிமீற்றர் முதிரைப் பலகை ஒட்டுவேன். பார்வைக்கு முதிரை, தோளுக்கு மலைவேம்பு. நெக்குக்குத் தேக்கும் முதிரையும் மாறிமாறி ஒட்டிய ஐந்து கீலம்.

முதிரையும் கருங்காலியும் ஆசைப்பட்டவுடன் தறிக்கக்கூடிய மரங்கள் இல்லை. தறிக்கவும் ஏற்றவும் அனுமதிப்பத்திரம் வேண்டும், அந்தக் கட்டுப்பாடு இருக்கத்தான் வேண்டும். எஞ்சியிருக்கும் காடு கொஞ்சம். நான் வாங்குவது பழைய வீடுகளின் நிலை, கதவு, கட்டில் கால்கள். ஐம்பது வருடம் வெயிலும் மழையும் பார்த்து ஓய்ந்த மரம் இனி வளையாது. கருங்காலிக்கு நான் கண்டுபிடித்த நல்ல ஊற்று உலக்கை. மிக்சி வந்தபிறகு உலக்கைகள் வீட்டுக் கோடியில் சாத்திக் கிடக்கின்றன. 75 மில்லிமீற்றர் விட்டமுள்ள உலக்கையை நீளவாக்கில், நடு வைரக்கோட்டைத் தவிர்த்து இரண்டு பக்கமும் வாள் வைத்தால் 62 மில்லிமீற்றர் அகலத்தில் இரண்டு பலகை கிடைக்கும். 20 ஃபிரெட் உள்ள ஃபிங்கர்போட்டுக்கு 600 மில்லிமீற்றர் நீளம் போதும். வாசிக்கிறவரின் வீட்டு உலக்கையிலிருந்தே அவருடைய ஃபிங்கர்போட்டை எடுக்கமுடிந்தால் எனக்கு அதைவிடச் சந்தோசம் இல்லை. அம்மம்மாவின் கை பட்டு வழுவழுத்த நடுப்பகுதி வாளில் போய்விடும், அதைக் கொண்டுவருபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். பனை வைரத்தையும் சிலர் கேட்கிறார்கள். கறுப்பு வரி பார்க்க அழகு. வரிக்கு இடையில் உள்ள சோற்றிப் பகுதி ஃபிரெட்டை இறுகப் பிடிக்காது. அதனால் போடுவதில்லை.

வாள் வைக்குமுன் செய்கிற ஒரு வேலை வன்னிக்கே உரியது. போர்க்காலத்தில் நின்ற மரமோ, அந்தக் காலத்து வீட்டின் வளையோ கதவோ எதுவானாலும், உள்ளே ஷெல் துண்டு இருக்கலாம். நின்ற மரம் காயத்தை மூடி வளர்ந்துவிடும், பட்டையில் அடையாளமே தெரியாது. மர ஆலைக்காரர் முதலில் கேட்பதும் இதைத்தான்.

"எந்தப் பக்கத்து மரம் தம்பி?"

"புதுக்குடியிருப்புப் பக்கம் ஐயா."

"அப்ப காந்தம் பிடிச்சுப் பாத்திட்டுக் கொண்டு வாங்கோ. வாள் போனால் ஆர் தாறது?"

பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய பெரிய காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பலகையின் மேல் மெதுவாக நடத்துவேன். இரும்பு இருந்தால் நூல் சரியும். ஆழத்தில் கிடப்பதைக் காந்தம் அறியாது, ஈயமும் செம்பும் உள்ள சன்னத்தையும் அறியாது. அதனால் ஒவ்வொரு சீவலுக்கும் பிறகு திரும்பவும் பார்க்கவேண்டும். கண்ணுக்கும் ஒரு அடையாளம் உண்டு. துவர்ப்புள்ள மரத்தில் இரும்பு கிடந்தால் சுற்றிவரக் கருநீலமாகக் கறை ஓடியிருக்கும். அந்த நிறத்தைக் கண்டால் உளியை எடுத்துக்கொண்டு இருந்துவிடுவேன், வாள் கிட்டப்போகாது. மற்ற ஊர்களில் கிற்றார் செய்கிறவர்களுக்கு இந்த வேலை இல்லை. எங்கள் மரங்கள் எங்களோடு அங்கேதான் நின்றன.

நெக் பற்றி நீட்டாமல் சொல்கிறேன். நெக்கின் தலைப்பக்கத்தில் கம்பிகள் தங்கும் நட்டிலிருந்து பிறிட்ஜ் வரை 34 அங்குலம், அதாவது 863.6 மில்லிமீற்றர். அதை 17.817 ஆல் வகுத்தால் 48.47 வரும். அது முதலாம் ஃபிரெட். மிச்ச நீளத்தைத் திரும்பவும் 17.817 ஆல் வகுத்தால் அடுத்தது. பன்னிரண்டாவது சரி பாதியில், 431.8 இல் விழவேண்டும். விழாவிட்டால் கணக்கில் பிழை. குறியிடும்போது ஒவ்வொரு ஃபிரெட்டையும் நட்டிலிருந்தே அளக்கவேண்டும். ஒன்றிலிருந்து மற்றதை அளந்துகொண்டு போனால் சின்னப் பிழைகள் சேர்ந்து பெரிதாகும். நாலு கம்பியும் சேர்ந்து நெக்கை இழுக்கும் பலம் எழுபது, எண்பது கிலோவுக்குக் கிட்ட. சோளகம் வீசும் மாதங்களில் மரம் உலர்ந்து ஒடுங்கும், வாடையும் மாரியும் வந்தால் ஈரம் குடித்து ஊதும். நெக்குக்குள் இரண்டு பக்கமும் திருப்பி வளைவைச் சரிசெய்யக்கூடிய ட்ரஸ் றொட் என்ற உலோகக் கோல் போடுவது இதற்காக. அதைத் திருப்பும் துளையை மூடிக்குள் ஒளிக்காமல் வெளியே விடுகிறேன். வருடத்துக்கு இரண்டு தரமாவது அது தேவைப்படும்.

இனி வயரிங். எனக்கு ஆக விருப்பமான வேலை இது. ஆனால் மூடியைப் போட்டபிறகு யாரும் பார்ப்பதில்லை.

சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பொட்டும் கேபிள் கொழுவும் ஜாக்கும் உட்காரும் குழியின் சுவர், அடி, மூடியின் உள்பக்கம் எல்லாவற்றுக்கும் செப்புத் தாள் ஒட்டுவேன். தாளின் பசை மின்னைக் கடத்தும் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் நம்புவதில்லை. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு துளி ஈயம் வைத்துவிட்டு, மீற்றரால் மூலைக்கு மூலை அளப்பேன். ஒரு ஓமுக்குக் கீழே காட்டவேண்டும். இந்தச் செப்புக் கூடு எர்த்தோடு சேர்ந்தால்தான் பயன். எர்த் ஆகாத செப்பு வெறும் அலங்காரம், சில வேளை இரைச்சலை வாங்கிக் கூட்டியும் விடும். பிக்கப்பின் குழிக்கும் அதே வேலை. குழிகளுக்கிடையில் ஒரு எர்த் வயர். பிறிட்ஜுக்குக் கீழே ஒரு எர்த் வயர், அதன் வழியாக நாலு கம்பியும் எர்த் ஆகும். வாசிக்கிறவரின் உடம்பு இரைச்சலை வாங்கும் ஒரு அன்ரெனா, அவர் விரல் கம்பியில் பட்டதும் அந்த அன்ரெனா அடங்கிவிடும்.

வொலியூமுக்கும் டோனுக்கும் 250 கிலோ ஓம் பொட். பொட்டின் உடலில் ஏ என்று அடித்திருந்தால் காதுக்கு ஏற்ற லொக் வகை, பி என்றால் சீராக ஏறும் லீனியர். டோனுக்கு 0.047 மைக்ரோபரட் கப்பாசிற்றர். டோனைக் குறைக்கும்போது மேல் ஸ்தாயிகள் அந்தக் கப்பாசிற்றர் வழியாக எர்த்துக்கு இறங்கிவிடும், கீழே உள்ளவை மிஞ்சும். கப்பாசிற்றருக்கு விலைகூடியதைத் தேடி அலையவேண்டாம், அளவு சரியென்றால் போதும். காசைப் பொட்டிலும் ஜாக்கிலும் போடுங்கள். அவைதான் அசைகிற பாகங்கள், தேய்வதும் அவைதான். கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் எல்லாம் கிடைக்கும். ஆனால் வாங்குமுன் பொட்டைக் கையால் திருப்பிப் பாருங்கள். எண்ணெய்க்குள் சுழலும் இதம் இருக்கவேண்டும்.

சோல்டர் பிடிப்பதில் மாமாவின் சட்டம் ஒன்றுதான்: சூட்டை உலோகத்துக்குக் கொடு, ஈயம் தானாக வரும். அயனில் ஈயத்தை உருக்கி மூட்டில் தடவினால் அது ஒட்டியமாதிரி இருக்கும், ஒட்டியிருக்காது. பொட்டின் முதுகு பெரிய உலோகம், சூட்டை விழுங்கும். முதலில் அதை அரத்தால் சுரண்டிப் பளபளப்பாக்கவேண்டும், பிறகு அறுபது வாட் அயனைத் தட்டையாக வைத்து உடனே பிடித்து உடனே எடுக்கவேண்டும். சின்ன அயனை வைத்துக்கொண்டு நெடுநேரம் காத்திருந்தால் உள்ளே இருக்கும் கரித்தடம் வெந்துபோகும். ஈயம் ஆறும்போது வயர் அசையக்கூடாது. ஆறியபின் மூட்டு மினுங்கவேண்டும். மங்கலாகவும் பொருக்காகவும் கிடந்தால், அது இன்று வேலை செய்யும், மேடையில் டிரம்ஸ் அதிர்வில் விட்டுவிடும்.

பற்றரி போடும் அக்ரிவ் சுற்று வேண்டுமா என்று கேட்பார்கள். 9 வோல்ற் பற்றரி, சிறு அம்பிளிஃபயர், கீழ்ச் சத்தத்தையும் மேல் சத்தத்தையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கலாம். நீளமான கேபிளில் மேல் ஸ்தாயி மங்காமல் போய்ச்சேரும் என்பது அதன் உண்மையான நன்மை. ஆனால் ஜாக்கில் வயரைக் கொழுவி வைத்தாலே பற்றரி ஓடிக்கொண்டிருக்கும். திருவிழாவில் மாலையில் கொழுவினால் சாமம் தாண்டித்தான் கழற்றுவார்கள். இரவு ஒரு மணிக்கு 9 வோல்ற் பற்றரிக்கு எங்கே போவது? பற்றரியில்லாத சுற்றைத்தான் நான் பரிந்துரைக்கிறேன். கேபிளைக் குட்டையாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

ஒருவருக்காகச் செய்த பேஸைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் முன்பு கிற்றார் வாசித்தவர். போரில் இடது கையின் மோதிரவிரலும் சுண்டுவிரலும் போய்விட்டன. வலது கை முழுமையாக இருக்கிறது. "அண்ணை, இனி என்னெண்டு பிடிக்கிறது?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். பேஸில் கம்பியைச் சுண்டுவதற்குச் சுட்டுவிரலும் நடுவிரலும் போதும், உலகத்தின் பெரிய வாசிப்பாளர்கள் பலர் அந்த இரண்டால்தான் சுண்டுகிறார்கள். ஆகவே வலது கை நெக்கைப் பிடிக்க, இடது கை சுண்ட, இடக்கைப் பேஸாகக் கட்டினோம். அவரிடம் இருந்த விரல்கள் அந்த வேலைக்குப் போதுமானவை.

இடக்கை என்றால் வலக்கைப் பேஸைத் திருப்பிப் பிடிப்பது என்று நினைக்கக்கூடாது. பிளந்த சுருளில் ஈ, ஏ பக்கம் நெக்குக்குக் கிட்ட இருக்கும், டீ, ஜி பக்கம் பிறிட்ஜுக்குக் கிட்ட. வெறுமனே திருப்பினால் தடித்த கம்பிகள் பிறிட்ஜுப் பக்கச் சுருளுக்குப் போய்க் குரல் மெலியும். குழியையே கண்ணாடி விம்பமாக வெட்டவேண்டும். நட்டின் வெட்டுகளும் தலைகீழ். பொட் இன்னும் சிக்கல். கை மாறியவருக்குத் திருப்பும் திசையும் மாறவேண்டும். லொக் பொட்டின் வயரை மாற்றிப் பிடித்துத் திசையைத் திருப்பினால் அதன் ஏற்றம் தலைகீழாகிவிடும்: தொடக்கத்திலேயே பாய்ந்து கூடும், பிறகு முழுச் சுற்றும் வீண். எதிர் லொக் வகைப் பொட் ஒன்று உண்டு, சி என்று அடித்திருக்கும். அது இங்கே கையில் கிடைப்பது அரிது. லீனியர் பொட் எந்தத் திசையில் திருப்பினாலும் ஒன்றே என்பதால் அதைப் போட்டோம். டோன் வேண்டாம் என்றார். ஒரே ஒரு வொலியூம், சுட்டுவிரலும் பெருவிரலும் எட்டும் இடத்தில். நட்டை 38 மில்லிமீற்றருக்கு ஒடுக்கினோம், வலது கை புதுப் பழக்கத்துக்கு வரவேண்டுமே. அவர் முதலில் வாசித்துப் பழகியது இளையராஜாவின் பாட்டுகளைத்தான். பேஸ் தனியே ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு போகும் இசை அது. தமிழர் காதுக்கு பேஸ் என்ற வாத்தியத்தை அறிமுகப்படுத்தியவர் அவர்தான் என்பேன். இப்போது அந்தப் பேஸ்காரர் ஒரு இசைக்குழுவோடு மேடையேறுகிறார்.

மேடை என்றதும் எனக்குக் கவலை வரும் ஒரு விசயத்தைச் சொல்லாமல் விடமுடியாது. கம்பி எர்த் ஆகியிருக்கிறது என்றேனே, அந்த எர்த் எங்கே போகிறது? ஜாக், கேபிள், அம்பின் தகரம், பிளக்கின் மூன்றாவது கால், பிறகு மண். இந்தப் பாதையில் எங்காவது அறுந்திருந்தால், அம்புக்குள் கரண்ட் கசியும் நாளில் அது வாசிப்பவரின் விரலில் வந்து நிற்கும். அவர் பாடவும் செய்கிறவராக இருந்து, வேறொரு பிளக்கில் எர்த் ஆன மைக்கில் வாய் பட்டால், பாதை உடம்புக்குள்ளால் பூரணமாகும். எங்கள் மேடைகளில் வட்டக்கால் பிளக்கைச் சதுரக்கால் துளைக்குள் தள்ளுவதற்கு எர்த் துளையில் குச்சி குத்துகிறார்கள். இரைச்சல் போகவேண்டும் என்று எர்த் வயரையே வெட்டிவிடுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். இரைச்சல் காதுக்குத் தொல்லை, அறுந்த எர்த் உயிருக்கு.

ஜெனரேற்றரில் ஓடும் மேடையில் இன்னும் கவனம் வேண்டும். ஜெனரேற்றரின் நியூற்றலை எர்த்தோடு இணைத்து, எர்த் கம்பியை மண்ணில் ஆழ இறக்கியிருந்தால்தான் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் தன் வேலையைச் செய்யும். இணைப்பில்லாவிட்டால் கசிவு வந்தாலும் அது விழாது. இதை மின்னிணைப்பு தெரிந்தவர் செய்யவேண்டும், பாட்டுக்காரர் செய்யும் வேலையில்லை. ஆவணி வெயிலில் எங்கள் மண் இறுகிக் காய்ந்துபோயிருக்கும், காய்ந்த மண் கரண்டை வாங்காது. எர்த் கம்பியைச் சுற்றி உப்புத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள்.

பேஸை ஒப்படைக்கும்போது எல்லோருக்கும் காட்டிக்கொடுக்கும் பரிசோதனை இது. அம்பைப் போட்டு, கம்பியைத் தொடாமல் கேளுங்கள். பிறகு கம்பியில் கையை வையுங்கள். தொட்டதும் இரைச்சல் குறைந்தால் எர்த் இருக்கிறது, செப்புக் கவசத்தில் எங்கோ இடைவெளி. தொட்டதும் இரைச்சல் கூடினால் எர்த் பாதை அறுந்திருக்கிறது, உடனே கழற்றுங்கள். மேடையில் என்றால் மீற்றரை ஏசி வோல்ற்றில் வைத்து, ஒரு முனையைக் கம்பியிலும் மற்றதை மைக்கின் வலையிலும் வையுங்கள். ஒன்றிரண்டு வோல்ற்றுக்கு மேல் காட்டினால், யார் அவசரப்படுத்தினாலும் வாசிக்கவேண்டாம். பேஸோடு சேர்த்து ஒரு சின்ன மீற்றரையும் கொடுத்துவிடுகிறேன். அதன் விலை பேஸின் விலைக்குள் அடக்கம்.

இப்போது மேசையில் கிடப்பது ஒரு தேவாலயக் குழுவுக்கான ஐந்து கம்பிப் பேஸ். ஐந்தாவது கம்பி பி, செக்கனுக்கு 31 அதிர்வுக்குக் கொஞ்சம் குறைவு. 34 அங்குலத்தில் அந்தக் கம்பி தொய்ந்து குழறும், அதனால் 35 அங்குலத்துக்குக் கணக்குப் போட்டிருக்கிறேன். முதலாம் ஃபிரெட் 49.90 இல் வருகிறது. ஃபிங்கர்போட் அகலம் கூடிவிட்டதால் ஒரு உலக்கைப் பலகை காணாது. இரண்டை அருகருகே ஒட்டி, ஒட்டுக்கோடு நடுக் கம்பிக்கு நேர் கீழே போகும்படி வைத்து இறுக்கியிருக்கிறேன். பசை காய்ந்ததும் ஃபிரெட் வாய் வெட்டவேண்டும்.